பேக்கரி மாதப்பன் செஞ்ச கொலை

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாங்க, அதுல ஒரு கால் ஆடும். அவரு அதுல உக்காந்துதான் எழுதுவாரு. கதை அங்கங்க ஆடுறதுக்கு அதுதான் காரணம்னு நான் சொன்னா கோவம் வந்துரும். இப்படிக் கட்டில்ல உக்காருங்க.

அவரு முடி வெட்டிக்கப் போயிருக்காருங்க. தலையில இருக்கறது என்னமோ கொஞ்சந்தான், ஆனா சலூன்ல பேச்சு நெறைய இருக்குமே. மெதுவாத்தான் வருவாரு. நீங்க பதிப்பகத்துல இருந்து வர்றேன்னு போன்ல சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, எதுக்கு வர்றீங்கன்னு. கடைசிப் புத்தகத்தோட முடிவை மாத்தி எழுதிக் குடுங்கன்னு கேக்கத்தானே? கேளுங்க. நல்லாக் கேளுங்க. நானும் ஆறு மாசமா அதையேதான் கேக்கறேன், மனுஷன் அசைய மாட்டேங்கறாரு. எல்லாக் கதையையும் ஒண்ணாச் சேர்த்து, கெட்டி அட்டை போட்டுக் கொண்டு வர்றீங்களாமா? அதுல போயி இந்தக் கதை கடைசியா உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? விருந்தெல்லாம் போட்டுட்டு புளிச்ச மோர் ஊத்தின மாதிரி இருக்கும்.

நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டே பேசறேனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. மத்தியானம் சாப்பிட்டுட்டுத்தான் போகோணும்.

நீங்க எத்தனை படிச்சிருக்கீங்க? எல்லாமேவா? பரவாயில்லையே. சின்ன வயசா இருக்கறீங்களேன்னு கேட்டேன். அந்தக் காலத்துல பஸ் ஸ்டாண்டுக் கடையில கயிறு கட்டிக் கிளிப்பு மாட்டித் தொங்க விட்டிருப்பாங்க. கோபியில ஏறினவங்க ஈரோடு போறதுக்குள்ள முடிச்சுப்போட்டு சீட்டுலயே வெச்சுட்டு எறங்கிருவாங்க. என்ற வீட்டுக்காரரு சென்னியப்பன் ஈ.பி. ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தவருங்க. என் பேரு ருக்குமணி. கதை எழுத என் பேரை எடுத்து அதுக்கு மீசை வெச்சு ‘ருக்மாங்கதன்’னு ஆக்கிக்கிட்டாரு. அதுல மட்டும் கொஞ்சம் கெட்டிக்காரரு.

ஊசிப்பாறைன்னு ஒரு ஊரே கிடையாது, தெரியுமில்லீங்க? கதைக்குன்னு அவரு கட்டின ஊரு. ஒரு தியேட்டர், ஒரு பேக்கரி, ஒரு ரயில்வே ஸ்டேஷன், ஒரு மாட்டாஸ்பத்திரி. ஏனுங்க, இத்தனூண்டு ஊருல வருஷத்துக்கு ரெண்டு பேரைக் கொன்னுட்டே போனா கடைசியில ஊருல யாரு மிஞ்சுவாங்கன்னு நான் ஒருக்கா கேட்டேன். அடுத்த கதையில ரயிலை விட்டுப் புதுசாப் பத்துக் குடும்பத்தைக் கொண்டாந்து எறக்கிட்டாரு.

துப்பறியறது மாட்டு டாக்டர் நாச்சிமுத்து. மனுஷன் செத்தா மாட்டு டாக்டருக்கு என்ன வேலைன்னு எல்லாரும் கேட்டாங்க. தன் உடம்புக்கு டாக்டரைக் கூப்பிட யோசிக்கறவன்கூட மாட்டுக்குன்னா ஓடிவந்து கூப்பிடுவான், அதனால மாட்டு டாக்டர்தான் எல்லா வீட்டுக்குள்ளயும் போவான்னு இவரு சொல்லிப்போட்டாரு. சரியாத்தான் இருந்துச்சு. அவருகூடவே பையைத் தூக்கிட்டு கம்பவுண்டர் ரங்கன். தங்கமான மனுஷன். ரங்கனுக்குக் கல்யாணம் பண்ணி வெக்கச் சொன்னதே நான்தானுங்க. பாவம், அத்தனை கதையா ஓட்டல்லயே சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. நாச்சிமுத்துவுக்கு அறிவு, ரங்கனுக்கு மனசு, அப்படித்தான் நான் வெச்சிருக்கேன்.

இந்தக் கதையெல்லாம் எப்படி உருவாச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. எழுதிக்கோங்க, வேணும்னா முன்னுரையில போடுங்க.

அவரு ஒரு கதையை எழுதி முடிச்சதும், கடைசி அத்தியாயத்தை மட்டும் சட்டைப்பையில மடிச்சு வெச்சுக்கிட்டு மீதியை எனக்குப் படிச்சுக் காட்டுவாரு. நான் இந்த மாதிரி வெங்காயம் உரிச்சுக்கிட்டுக் கேப்பேன். கண்ணுல தண்ணி வரும். தன் எழுத்துக்குத்தான் அழறேன்னு நெனைச்சுக்கிட்டு குரலை இன்னும் கொஞ்சம் நடுங்க வெச்சுப் படிப்பாரு. நானும் பேசாம இருந்துக்குவேன், ஆம்பளைக்கு ஒரு சந்தோஷம். படிச்சு முடிச்சுட்டு, ‘சொல்லு, யாரு?’ன்னு கேப்பாரு. நான் சொல்லிருவேன்.

சரியாச் சொல்லிட்டேன்னு வெச்சுக்கங்க, காது ரெண்டும் செவந்துபோயிரும். பேப்பரைச் சுருட்டிட்டு உள்ள போயிருவாரு. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாப் பசிக்கலைம்பாரு. ரெண்டு நாள் பேச்சு இருக்காது. அப்புறம் கொலைகாரனை மாத்தி எழுதிட்டு வந்து மறுபடியும் படிப்பாரு. அதையும் நான் கண்டுபிடிச்சா மறுபடியும் மாத்தணும். நான் தப்பாச் சொல்ற வரைக்கும் இந்தக் கூத்து நடக்கும். தப்பாச் சொல்லிட்டேன்னா பார்க்கோணுமே, மீசையை ஒரு தடவு தடவிக்குவாரு. அன்னைக்கு ரெண்டு தோசை எச்சா உள்ள போகும்.

ஊசிப்பாறைக் கதையில கொலைகாரனை யாராலயும் கண்டுபிடிக்க முடியாதுன்னு பேரு இருந்துச்சே, எப்படி வந்துச்சு? என்னால கண்டுபிடிக்க முடியாததுதான் அச்சுக்கே போகும். அப்படிப் பார்த்தா பாதிக் கதை என்னோடது. பேரும் என்னோடது. சம்பளந்தான் குடுக்கலை.

முதல் படிப்புலயே என்னை ஏமாத்தணும்னு அவருக்கு ஒரு ஆசைங்க. முப்பது வருஷமா அதே ஆசை. ஒரு தடவைகூட நடக்கலை. ஒரு கதையில மூணு தடவை மாத்தி, கடைசியில ஸ்டேஷன் மாஸ்டரோட மச்சினன்னு ஒரு ஆளை எங்கிருந்தோ கூட்டியாந்து நிறுத்தினாரு. ‘நீ சாமியாடற வீட்டுல பொறக்க வேண்டியவ’ன்னு திட்டுவாரு. எனக்கு அதைவிடப் பெரிய பட்டம் வேணுங்களா?

அப்புறம் சொன்னாரு, ‘ருக்கு, நாச்சிமுத்துவை இத்தோட நிறுத்தப் போறேன். ஒரே ஒரு கதை. அதுல உன்னை முதல் படிப்புலயே கவுக்கறேன் பாரு.’ ரெண்டு வருஷம் எழுதினாருங்க. அவரு ஒரு கதைக்கு ரெண்டு மாசம் எடுத்துக்கிட்டாலே அதிகம். தூக்கத்துல சிரிப்பாரு. நான் பக்கத்துல போனா பேப்பரைக் கையால மறைப்பாரு, பரீட்சை எழுதற புள்ளையாட்டம்.

அதுக்குள்ள எனக்கு உடம்புக்கு வந்துருச்சு. தலைக்குள்ள ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லைன்னு சொன்னாங்க, ஆனாலும் எடுத்தாகோணும்னு கோயமுத்தூர்ல ஆபரேஷன் பண்ணினாங்க. நல்லாத்தான் பண்ணினாங்க. கண்ணு முழிச்சதுக்கப்புறம்தான் கஷ்டம். தண்ணி வேணும்னு நெனைக்கறேன், வாயில கதவுன்னு வருது. என் மகளைப் பார்க்கறேன், மகள்னு தெரியுது, பேரு வரலை. பெத்தவ நான், பேரு வெச்சவளும் நான். டாக்டரு போகப் போகச் சரியாயிரும்னாரு. எனக்கு நம்பிக்கை இல்லீங்க. மூளை போயிருச்சு, இனி நான் நானில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். பேசினாத் தப்பு வருது, அதனால பேசறதையே விட்டுட்டேன். சாப்பாடும் வேண்டாம்னுட்டேன்.

நான் பேசாம இருந்தா எப்படி இருக்கும்னு நெனைச்சுப் பாருங்க. முடியலை பாத்தீங்களா? அவராலயும் முடியலை.

ஒரு நாள் காலையில ஆஸ்பத்திரிக்கு அந்தக் கதையைக் கொண்டு வந்துட்டாரு. கடைசி அத்தியாயம் எப்பவும்போல சட்டைப்பையில. கட்டிலுக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டுப் படிக்க ஆரம்பிச்சாரு. நர்ஸம்மாகூட வாசல்ல நின்னு கேட்டுச்சு. நாலஞ்சு நாள் படிச்சாரு. நான் கண்ணை மூடிட்டுக் கேட்டேன். கேக்கறேனா தூங்கறேனான்னுகூட அவருக்குத் தெரிஞ்சிருக்காது. முடிச்சுட்டு, ரொம்ப மெதுவா, ‘சொல்லு ருக்கு, யாரு?’ன்னாரு.

நான் கண்ணைத் தொறந்து, ‘பேக்கரி மாதப்பன்’னேன்.

பத்து நாளைக்கப்புறம் வாயில வந்த முதல் பேருங்க அது. மீசைக்குப் போன கை அப்படியே பாதியில நின்னுபோச்சு. அப்புறம், ‘அடிப் பாவி, கண்டுபிடிச்சுட்டியே’ன்னாரு. காபி வாங்கிட்டு வர்றேன்னு வெளிய போனவரு, ரொம்ப நேரங்கழிச்சு வெறுங்கையோட வந்தாரு. ரெண்டு வருஷ உழைப்பை நான் ஒரு நொடியில கவுத்துட்டேனில்லீங்க, அந்த அதிர்ச்சி. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பழுதான மூளையா இருந்தா கொலைகாரனைக் கண்டுபிடிக்குமா? நான் நல்லாத்தான் இருக்கேன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. தயிர் சோறு கேட்டு வாங்கித் தின்னேன். மகளை, ‘சுகுணா, ஏன் இப்படித் தலையைச் சீவாம வந்து நிக்கறே?’ன்னு கேட்டேன். அவ அழுதுட்டா. இப்பப் பாருங்க, எல்லா வார்த்தையும் வந்துருச்சு. எச்சாவே வந்துருச்சுன்னு அவரு சொல்றாரு.

ஆனா நான் கண்டுபிடிச்சா மாத்தணுமா இல்லையா? அதுதானே எங்க வழக்கம். மாத்தலையே. அதுதானுங்க என் கோவம். சோம்பேறித்தனம். நான் படுத்திருந்த நேரம் பார்த்து, பேக்கரிக்காரனையே கொலைகாரனா வெச்சு அச்சுக்கு அனுப்பிட்டாரு. அந்தக் கடைசி அத்தியாயம் ஒரு அத்தியாயமாங்க? மாதப்பன் தானா வந்து நிக்கறாரு, நான்தான் கொன்னேங்கறாரு, அழறாரு, முடிஞ்சுது. ஈரோட்டுல இருந்து ஒரு அம்மா போன் பண்ணி அழுதுச்சு, ‘இதுக்கா முப்பது வருஷம் படிச்சேன்’னு. இவரு, ‘மன்னிச்சுக்கங்கம்மா’ன்னு சொல்லிட்டுப் போனை வெச்சுட்டாரு. அந்த அம்மா கேட்டதுல என்ன தப்பு? நானா இருந்தா வீட்டுக்கே வந்து கேட்டிருப்பேன்.

நான் மாதப்பனை எப்படிக் கண்டுபிடிச்சேன்னா, அவரு கேக்குல வெண்ணெய்க்குப் பதிலா டால்டா போடறாருன்னு ரொம்ப முன்னாடி ஒரு கதையில வந்துச்சு. அப்ப இருந்தே எனக்கு அவரு மேல ஒரு கண்ணு. டால்டா போடறவன் எதையும் செய்வான்.

என்னங்க தம்பி, சிரிக்கறீங்க? உங்க ஆபீஸ்ல எல்லாரும் வேற ஆளுன்னு நெனைச்சீங்களா? யாருங்க?

ரங்கனா?

கம்பவுண்டர் ரங்கனா? நல்லா இருக்குதுங்க உங்க ஆபீஸ். அவரு ஒரு எறும்பை மிதிப்பாரா? நீங்கெல்லாம் படிச்சவங்க, இப்படியா சந்தேகப்படறது? நான் சொல்றேன் கேளுங்க, ஏன் ரங்கனா இருக்க முடியாதுன்னு.

செத்தது யாரு, தியேட்டர் மொதலாளி செங்கோடன். ஆனையாட்டம் ஆளு. அவரை ஒரே ஆளு, ஒரே கயித்துல, லாடம் அடிக்கக் காளையைச் சாய்க்கற மாதிரி காலை மடக்கிச் சாய்ச்சிருக்கான். சரிங்களா? இது மாதப்பனால முடியாதுதான். ரொட்டித் தட்டைத் தூக்கவே ஆளு வெச்சிருக்கறவரு, இடுப்பு வலிக்காரரு. அது என்ற வீட்டுக்காரரு எழுதறப்ப மறந்துபோயிருப்பாரு. அப்புறம் கழுத்துல ஊசி குத்தின தடம், தடிச்ச ஊசி, மனுஷனுக்குப் போடறதில்லை. அது… பேக்கரியில ஏது. செங்கோடன் செத்துக் கெடந்த ரூம்ல வேப்பெண்ணெயும் கற்பூரமும் கலந்த வாசனை வந்துச்சுன்னு எழுதியிருக்காரு. அது மாட்டுப் புண்ணுக்குப் போடறதுங்க. ரொட்டிக்குப் போட மாட்டாங்க.

கதை முழுக்க ரங்கன் நாச்சிமுத்துவோட கண்ணைப் பார்த்துப் பேசவே மாட்டேங்கறாரு. நான் என்ன நெனைச்சேன்னா, பாவம், அவருக்கு உடம்பு சரியில்லை போலன்னு.

இருங்க. கொஞ்சம் இருங்க தம்பி.

மாதப்பனுக்குப் பொருந்தாத தடயம் அத்தனையும் இவரு துடைக்காம விட்டுட்டாருன்னுதான் நான் திட்டிக்கிட்டு இருந்தேன். துடைக்காம விட்டதெல்லாம் ஒரே வாசல்ல போயில்ல நிக்குது. கயிறு, ஊசி, வாசனை, எல்லாம் மாட்டாஸ்பத்திரி வாசல். முப்பது வருஷமா கூடவே பையைத் தூக்கிட்டு வந்த ஆளு. ஊருல எல்லாரு மேலயும் சந்தேகப்பட்டேன், தபால்காரன், பூசாரி, நாச்சிமுத்துவோட மாமியாரைக்கூட விடலை. ரங்கன் மேல மட்டும் பட்டதே இல்லை. அது அவருக்குத் தெரியும். எனக்கு ரங்கனைப் புடிக்கும்னு அவருக்குத் தெரியாதா?

அப்படீன்னா நான் சொன்னது தப்புங்க.

அந்த மீசை. அந்தக் கை மீசைக்குப் போச்சுங்களே. நான் சரியாச் சொன்னா காதுதானே செவக்கும், கை எதுக்கு மீசைக்குப் போகுது? காதைப் பார்த்தேனா நான்? பார்த்தேன். வெளிறிப்போயிருந்துச்சு. பசிக்கலைன்னு சொல்லலை. ரெண்டு நாள் பேசாம இருக்கலை. அன்னைக்கு ராத்திரி பூரா என் கையைப் புடிச்சுக்கிட்டு ஸ்டூல்லயே உக்காந்திருந்தாரு. தோத்தவரு செய்யற வேலையாங்க அது?

செயிச்சுட்டாருங்க. முதல் படிப்புலயே என்னைக் கவுத்துட்டாரு. வாழ்நாள் பூரா ஆசைப்பட்டது அன்னைக்கு அந்த ஸ்டூல்ல நடந்துபோச்சு. அதை வாயைத் தொறந்து சொல்லாம, காபி வாங்கறேன்னு வெளிய போயி, தனியா நின்னு முழுங்கிட்டு வந்திருக்காரு. சட்டைப்பையில இருந்த அந்த அத்தியாயத்தை என்ன பண்ணினாரோ. நான் மாதப்பன்னு சொன்னேனே, அதுக்காக அந்தப் பாவப்பட்ட மனுஷனைக் கூட்டியாந்து அழ வெச்சு, ஒத்துக்க வெச்சு… ஊரு சிரிச்சுது. அந்த ஈரோட்டம்மா அழுதுச்சு. நானும் ஆறு மாசமா சோறு போடறப்பெல்லாம் சோம்பேறி, சோம்பேறின்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். சிரிச்சுக்கிட்டே சாப்பிட்டாருங்க.

எனக்கு ஒண்ணுமில்லைங்க. தண்ணி வேண்டாம். இது வெங்காயம். அத்தனை வருஷம் வெங்காயத்துக்கு அழுதேன், தன் எழுத்துக்குன்னு நெனைச்சுக்கிட்டாரு. இன்னைக்கு அவரு எழுத்துக்கு அழறேன். கேட்டா வெங்காயம்னு சொல்லிக்கறேன், நம்பிருவாரு.

ஆனா ஒண்ணு பாத்தீங்களா? இப்பக் கண்டுபிடிச்சுட்டேன். யாரும் சொல்லித் தரலை. நீங்க பேரைத்தான் சொன்னீங்க, காரணமெல்லாம் நான்தான் கோத்தேன். அன்னைக்கு மூளை கொஞ்சம் கலங்கித்தான் இருந்திருக்கு, இன்னைக்கு நல்லாவே இருக்கு. அந்த வகையில ரங்கனுக்கு ஒரு நன்றி சொல்லணும். கொலைகாரனா இருந்தாலும்.

அந்தச் சத்தம் அவரு மொபெட்தானுங்க. பக்கத்து வீதி திரும்பறப்பவே இருமும். சீக்கிரமாக் கேட்டுக்கங்க தம்பி, நேரமில்லை. நீங்க முடிவை மாத்தச் சொல்ல வேண்டாம். ஆபீஸ்ல பேசிட்டோம், மாதப்பனே இருக்கட்டும், ஒரு எழுத்துகூட மாத்தாம அப்படியே போடறோம்னு சொல்லிருங்க. கெட்டி அட்டைக்கு விக்கறது விக்கட்டும். ஏன்னு மொதலாளி கேட்டா, எழுதினவரு சம்சாரம் ஒத்துக்கலைன்னு சொல்லுங்க. ரங்கன் பாட்டுக்கு ஊசிப்பாறையில பையைத் தூக்கிட்டு நடமாடட்டும், இனிமே அந்த ஊருல கொலை விழப் போறதில்லை.

ஏனுங்க, வந்துட்டீங்களா? வாங்க. முடி வெட்டினாங்களா, இல்லை எண்ணிப் பார்த்துட்டு அனுப்பிட்டாங்களா? பதிப்பகத்துத் தம்பி வந்து எவ்வளவு நேரமாச்சு. பேசிட்டோம், எல்லாம் பேசிட்டோம். நீங்க எழுதினது சோம்பேறித்தனந்தான், ஆனா பேக்கரிக்காரன்தான் சரியான ஆளுன்னு தம்பியும் ஒத்துக்கிட்டாரு. நான் அப்பவே சொன்னேனில்ல? போயிக் குளிச்சுட்டு வாங்க, சோறு தயார். கண்ணா? வெங்காயமுங்க, வேற என்ன.

உள்ள போயிட்டாரு. மீசையைத் தடவிக்கிட்டே போறாரு, பாத்தீங்களா?

வாயைத் தொறந்துராதீங்க தம்பி. நான் கண்டுபிடிச்சது தெரிஞ்சா மாத்திப்போடுவாரு.